மங்கையர்க்கரசிக்கு வந்த கடிதங்கள்

இந்தக் கதையில் ஓரிடத்தில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறார், கூடவே நீங்களும் சிரிப்பீர்கள், சத்தியம். ஆனால் இப்போது இல்லை. அவசரப்படுகிறவர்களுக்காகத் திருநெல்வேலி ஜங்ஷன் அறிவிப்புக்காரம்மாவின் குரலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்: பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்து சேரும். அந்தக் குரல் எனக்கு அச்சு அசலாக வரும். பதினைந்து வயதில் என் சொந்தக் குரல் போக நாற்பத்து மூன்று குரல்கள் என்னிடம் இருந்தன. வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி, தலைமையாசிரியை தும்முவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு, மூன்றாவது விசிலுக்கு முக்குகிற குக்கர், ரேஷன் கடையில் “கைரேகை விழலம்மா, தொடைச்சிட்டு வையி” என்கிறவர், எல்லாம் வரும். இப்போது எனக்குப் பத்தொன்பது. வேறு ஊர், விடுதி அறை. இங்கே யாருக்கும் தபால் வருவதில்லை. பகல் பதினொரு மணி ஆனால் மட்டும் என் காது தானாகவே மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொள்கிறது.

அந்த மாடிப்படி பாளையங்கோட்டையில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் எஃப் பிளாக்கில் இருந்தது. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, படிக்குக் கீழே துருப்பிடித்த பன்னிரண்டு தபால் பெட்டிகள். எங்கள் பிளாக்கில் ஒருவர் எங்காவது தானம் கொடுத்தால் தன் பேரில் மட்டும் கொடுக்க மாட்டார். புண்ணியத்தைத் தனியாகத் தின்பது அதிரசத்தைத் தனியாகத் தின்பது மாதிரி என்று நினைத்து, பன்னிரண்டு வீட்டாரின் பேரையும் நட்சத்திரத்தையும் முகவரியோடு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அந்தப் பேர்களெல்லாம் பசுமடத்திலிருந்து முதியோர் இல்லத்துக்கும், அங்கிருந்து கோபுரத் திருப்பணிக்கும், அன்னதான அறக்கட்டளைக்கும், காது கேளாதோர் பள்ளிக்கும் கைமாறிக் கைமாறிப் போய், வாரத்துக்கு எழுபது எண்பது நன்கொடை கேட்கும் கடிதங்கள் எங்கள் பெட்டிகளுக்குத் திரும்பி வந்தன. உள்ளே விபூதிப் பொட்டலமோ, குங்குமமோ, சாமி படமோ, வேத வசனமோ இருக்கும் என்பதால் ஒன்றையும் குப்பையில் போட முடியாது. கால் பட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள்.

ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள் அந்தக் கடிதங்கள் பேச ஆரம்பித்தன.

முதலில் பேசியது முதல் வீட்டுப் பெட்டியில் கிடந்த பசுமடக் கடிதம். “அம்மா, பதினெட்டு மாடும் மூணு கன்னும் இருக்கு, வைக்கோல் போருல தண்ணி ஏறிட்டு” என்று நனைந்த குரலில் அது சொன்னதும் என் அம்மா படியிறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “பெட்டிக்குள்ள கடுதாசி பேசுது, பாவம், நனைஞ்சுபோயிருக்கு” என்றபடி தோசையைத் திருப்பிப் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாப் பெட்டிகளும் பேசின. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என்ன பதில் சொல்வது என்றுதான் கேட்டார்கள், ஏனென்றால் பேருக்குரியவர் பதில் சொன்னால்தான் கடிதம் வாயை மூடியது. எங்கள் பிளாக்கில் ஒருத்தருக்கும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல வராது. எல்லோரும் “பார்க்கலாம்” என்றார்கள். பார்க்கலாம் என்று சொல்லப்பட்ட கடிதம் பூஜை அலமாரியிலோ ஃபிரிட்ஜின் மேலோ உட்கார்ந்துகொண்டு, மறுநாள் பதினொரு மணிக்குத் தொண்டையைச் செருமி, “அம்மா, நேத்துப் பேசினோமே” என்று ஆரம்பிக்கும். நான்காம் வீட்டுக் கைக்குழந்தை பசுமடக் கடிதத்தின் குரல் இல்லாமல் தூங்க மறுத்தது. ஒன்பதாம் வீட்டில் முதியோர் இல்லக் கடிதத்தைத் தொலைக்காட்சிக்கு எதிரே நாற்காலி போட்டுச் சாய்த்து வைத்தார்கள்; அது தொடர் முடியும்வரை காசு கேட்காமல் இருந்தது. காய்கறிக்காரம்மா படியிலேயே உட்கார்ந்து திருப்பணிக் கடிதத்தோடு பேரம் பேசினாள். நான் எல்லாக் குரலையும் படித்துக்கொண்டேன். நாற்பத்து மூன்று குரல்கள் நூறாயின. எனக்கு அது பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து வந்த வருடம்.

வழி சொன்னவர் தபால்காரர் மூக்காண்டி அண்ணாச்சி. நனைந்த பையைப் படியில் வைத்துவிட்டு, “பார்க்கலாம்னு சொல்லாதிய. இந்த வருசம் இல்ல, வேற எடத்துக்குக் குடுக்கேன், எம்பேர எடுத்திருங்கன்னு மூணே வார்த்த. அப்புறம் அனுப்புன எடத்துக்கு ஒரு கார்டு. கடுதாசில பேரு எப்படி அடிச்சிருக்கோ அப்படியே எழுதணும், பட்டியல்ல தேடுததுக்கு. உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ ஒண்ணோ ரெண்டோ வச்சுக்கிடுங்க. எம் முதுகும் பொழைக்கும்லா?” என்றார்.

பிளாக் செயலாளர் சேர்மத்துரை மாமா இதற்காக மொட்டை மாடியில் கூட்டம் போட்டு, ஒவ்வொருவரையும் எழுந்து நின்று இல்லை என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார். என் அம்மா மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் “இல்ல... பாப்போம்” என்றாள். ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டார். கார்த்திகை முழுக்கப் பயிற்சி நடந்தது. கடைசியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூன்று வார்த்தையையும் கடிதத்திடம் சொன்னபோது அவை கோபித்துக்கொள்ளவே இல்லை. “அத மொதல்லயே சொல்லலாம்ல தாயி, நல்லா இருங்க” என்று சொல்லி வாயை மூடின. கார்டுகள் போயின, கடிதங்கள் குறைந்தன, வீட்டுக்கு ஒன்று இரண்டு என்று நின்றன.

ஏழாம் வீட்டைத் தவிர.

ஏழாம் வீட்டில் வாடகைக்கு இருந்தவர் ஆவுடையப்பன் மாமா, பஸ் டெப்போவில் டயர் மாட்டுகிறவர். எங்கள் வீடு எட்டு. நான் முதன்முதலாக வேறொரு குரலில் பேசியதைக் கேட்டுச் சிரித்தவர் அவர்தான், அப்போது எனக்கு நாலு வயது. அதற்குப் பிறகு நான் செய்த அத்தனை சேட்டையும் அவரை மனதில் வைத்துச் செய்ததுதான். அந்த வருடம் ஆனி மாதம் அவர் மனைவி அரசி அத்தை காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். மாமா சிரிப்பதை நிறுத்தினார். நாற்பதாம் நாள் ஒரு பார்வையற்றோர் பள்ளியில் அத்தை பேரில் மதியச் சாப்பாடு போட்டார். ரசீது எழுதியவர் யார் பேர் என்று கேட்டதற்கு மங்கையர்க்கரசி என்றார், முகவரி கேட்டதற்கு முகவரி சொன்னார். அமரர் என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அதனால் உயிரோடு இருக்கிற ஒரு தர்மசாலி என்று நினைத்து அத்தனை காப்பகங்களும் அவளுக்கு எழுதின.

“திருமதி மங்கையர்க்கரசி அம்மா... மங்கையர்க்கரசி அம்மா...”

பதினொரு மணிக்குத் தொடங்கினால் விளக்கு வைக்கிறவரை கூப்பிடும். பதில் சொல்ல வேண்டியவள் இல்லை, ஆகவே ஒரு கடிதமும் நிறுத்தவில்லை. மார்கழி பிறந்தபோது அந்த வீட்டில் ஐம்பது கடிதங்கள் இருந்தன, ஐம்பதும் கோயில் மணி அடித்தாற்போல ஒன்றாகக் கூப்பிட்டன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காதில் பஞ்சு வைத்தார்கள்.

“ஒரு கார்டு எழுதிப் போடும் ஓய், விசயத்தச் சொல்லி,” என்றார் சேர்மத்துரை மாமா.

“அவ பேருக்கு வந்தது. அவதான் சொல்லணும்.”

“அவ எப்படி ஓய் சொல்லுவா?”

மாமா கடிதங்களை அடுக்கினார். அவற்றை அவர் அத்தையின் புடவை அலமாரியில்தான் வைத்திருந்தார். தினமும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் அவை மட்டும்தான் மிச்சம் என்பது எனக்குப் புரிந்தது, செயலாளருக்குப் புரியவில்லை. தை பிறப்பதற்குள் சத்தம் நிற்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாகியது. மும்பையில் இருந்த வீட்டுக்காரரும் சரி என்றார்.

அரையாண்டு லீவில் ஒரு மத்தியானம் நான் கணக்குப் புத்தகத்துக்குப் பயந்து குளியலறையில் ஒளிந்துகொண்டிருந்தேன். எங்கள் பிளாக்கின் குளியலறை ஜன்னல்கள் எல்லாம் ஒரே சந்தில் திறக்கும். மேலே துண்டு வானம், கீழே குழாய்கள். ஏழாம் வீட்டுக் கடிதங்கள் அந்தச் சந்து வழியாக அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. நூறு குரல் வைத்திருந்த என்னிடம் அத்தை குரல் மட்டும் கிடையாது. உயிரோடு இருந்தபோது ஒருமுறை செய்ததற்குத் தொடையில் கிள்ளிவிட்டாள். அன்றைக்கு அது தானாகத் தொண்டைக்கு வந்து உட்கார்ந்தது.

“எதுக்குய்யா சும்மா அம்மா அம்மான்னு உசுர வாங்குதிய? அடுப்புல சோறு கெடக்கு. இந்த வருசம் இல்ல. வேற எடத்துக்குக் குடுக்கேன். எம்பேர எடுத்திருங்க!”

ஐம்பது கடிதங்களும் ஒரே நொடியில் வாயை மூடின. இரண்டு மாதத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கடிகாரம் ஓடுவது கேட்டது. நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். சொன்ன சிரிப்பு இதில்லை. இது என்னுடையது, சேர்த்தி கிடையாது.

அப்போது சந்துக்குள் ஒரு குரல் கேட்டது. “அரசி?”

மாமாவுக்கு அன்று ஷிஃப்ட் மாறியிருந்தது.

“அரசி, நீயா?”

ஓடியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் எனக்கு முந்திக்கொள்ளும்.

“பின்ன யாரு?” என்றேன், அத்தையாக.

மறுநாள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடுதாசியே பேசுகிறபோது அரசி பேசினால் என்ன என்று யாரும் அதிசயப்படவில்லை. “அரசிக்கும் சேத்து” என்று என் அம்மா ஏழாம் வீட்டுக்குப் பணியாரம் கொடுத்தனுப்பினாள். பெண்கள் அவரவர் குளியலறை ஜன்னலில் நின்று அத்தையிடம் விட்டுப்போன வழக்குகளைக் கேட்க ஆரம்பித்தார்கள். “மைனி, எம் புளிய வாங்கினிய, திருப்பித் தந்தியளா?” என்று மூன்றாம் வீடு கேட்டது. “தந்தேன், நீதான் மறந்துட்ட” என்றேன். “பிளாக்கு அண்டா எங்க மைனி வச்சீக? ஆறு மாசமாத் தேடுதோம்” என்று பத்தாம் வீடு கேட்டது. “மொட்ட மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால பாரு” என்றேன். அண்டா அங்கேயே இருந்தது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதை அங்கே ஒளித்து வைத்தது நான்தான் என்பது வேறு விஷயம்.

பத்து நாள் நான் ராணி மாதிரி இருந்தேன். கடிதம் கூப்பிடும், அத்தை அதட்டுவாள், கடிதம் அடங்கும். மாமா குளியலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, டெப்போவில் யார் யாரோடு சண்டை, எந்த வண்டிக்கு எத்தனை டயர் வெடித்தது என்றெல்லாம் சொல்வார். நான் “ம்” கொட்டுவேன். வாய் கொள்ளாத பெருமை எனக்கு. சிரிப்பு எப்போது என்று கேட்கிறீர்களா? வரும், வரும். அதற்கு முன்னால் நான் அழுததைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதங்கள் அடங்க அடங்க மாமா ஒன்றைக் கண்டுபிடித்தார். கடிதம் கூப்பிட்டால்தான் அரசி பேசுகிறாள். கடிதம் வராத அன்று சந்தில் குழாய்ச் சொட்டு மட்டும்தான். அவர் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார். அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் என்று போகிற வழியில் எந்தக் காப்பகத்தைக் கண்டாலும் இறங்கி, மங்கையர்க்கரசி பேரில் ஒரு வேளைச் சாப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கேயும் அமரர் என்று சொல்லவில்லை. மார்கழிக் கடைசியில் மூக்காண்டி அண்ணாச்சி கடிதங்களைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்தார். எஃப் பிளாக் முழுக்க மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசி என்று அதிர்ந்தது. நான் கத்திக் கத்தி அத்தையின் குரலே கம்மிவிட்டது.

சேர்மத்துரை மாமா வந்து, “பொங்கலுக்கு முந்தி காலி பண்ணிரும். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு” என்றார்.

“பண்ணுதேன்,” என்றார் மாமா சந்தோஷமாக. “டவுன்ல ஒரு ரூம் பாத்துட்டேன். கடுதாசியெல்லாம் கட்டி எடுத்துட்டுப் போறேன். அது கூப்பிட்டா அரசியும் அங்க வந்துருவால்லா?”

நான் எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டேன். டவுனில் ஒரு அறை. அலமாரி நிறையக் கடிதங்கள். எல்லாம் அவளைக் கூப்பிட, கதவு ஓரம் நாற்காலி போட்டு மாமா காத்திருக்க, பதிலே வராமல் நாளும் வாரமும் மாதமும். அவளை இரண்டாம் தடவை பறிகொடுப்பார், அதைச் செய்தவள் நான். போர்வைக்குள் அழுதேன்; அன்று முழுக்க என் வாயிலிருந்து ஒரு குரலும் வரவில்லை. “உலகு, காய்ச்சலாட்டி?” என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு, பகல் மூன்று மணிக்கு, நான் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

“அத்தான், கார்டு இருக்கா?”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “மூக்காண்டி அண்ணாச்சி ஒரு கட்டு போட்டுட்டுப் போயிருக்காரு. ஏன்?”

“எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.”

“கண்ணாடியக் காணும்.”

“நெத்தியில ஏத்தி விட்டிருப்பிய.”

“ஆமா, இருக்கு.”

“அமரர் மங்கையர்க்கரசி...”

பேனாச் சத்தம் கேட்கவில்லை.

“அந்த வார்த்த வேண்டாம் அரசி.”

“அது இல்லாமத்தான இம்புட்டும் வந்துச்சு?”

“எழுதிட்டா நீ வரமாட்டல்லா.”

என் தொண்டையில் அத்தை நடுங்கினாள். இந்த இடத்தில் அவள் அழமாட்டாள், ஏசுவாள். நான் ஏசினேன். “ஏன், எம்பேரச் சொல்லிக் கூப்பிட ஊர்ல உள்ளவ்வோ எல்லாம் வரணுமா? உங்க வாய்க்கு என்ன கேடு? நீங்க கூப்பிடுங்க. பதிலு வருதோ வரலியோ, கூப்பிடுங்க. எழுதுங்க இப்போ.”

ரொம்ப நேரம் கழித்துப் பேனா ஓடியது. எழுதியதை மாமா சத்தமாக வாசித்தார், குரல் ஒவ்வொரு எழுத்திலும் முட்டி முட்டி: “அமரர் மங்கையர்க்கரசி ஆனி மாசம் தவறிட்டாங்க. பேர எடுத்திருங்க.” அலமாரிக்குள்ளிருந்து ஒரு கடிதம், “ஐயோ, தெரியாதேய்யா, மனச விட்டுராதிய” என்று சொல்லிவிட்டு அடங்கியது. காப்பகத்துக்கு ஒன்று வீதம் அடுத்த கார்டு. அடுத்தது. ஒவ்வொரு கடிதமும் துக்கம் விசாரித்துவிட்டு அடங்கியது. ஆடிக்குள் வந்திருக்க வேண்டிய துக்கமெல்லாம் அன்று மாலை வரிசையில் வந்து போவது போல இருந்தது. முப்பத்தொன்றாவது கார்டில் மாமா நின்றார். “இது கண்ணு தெரியாத பிள்ளைய பள்ளிக்கூடம்.”

“அத மட்டும் வச்சுக்கிடுங்க. வருசத்துக்கு ஒருக்கா நேர்ல போயிக் குடுங்க. கடுதாசி வேண்டாம்னு எழுதுங்க, அமரர்னு போட்டு.”

எழுதினார். அந்தக் கடிதமும் “வாங்கய்யா” என்று சொல்லி அடங்கியது. எஃப் பிளாக்கில் ஒரு சத்தம் இல்லை. பன்னிரண்டு குளியலறை ஜன்னல்களிலும் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. மெதுவாகத் தாழ்ப்பாளை நீக்கப் போனேன்.

“அரசி, போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு.”

“என்ன?”

“நம்ம கல்யாணத்தன்னைக்குத் தாலி கட்டும்போது மழ பெஞ்சுதா, இல்லியா?”

இது அவர்கள் வீட்டின் பழைய சண்டை. மழை பெய்தது, பந்தலில் சொட்டியது, என் தோளில் விழுந்தது என்பார் மாமா. மழையும் இல்லை ஒன்றும் இல்லை, சமையல்காரன் மாடியில் அண்டா கழுவி ஊற்றினான் என்பாள் அத்தை. விருந்தாள் வந்தால் ஒரு முறை, மழை வந்தால் ஒரு முறை, ஒருவரும் விட்டுக்கொடுக்காமல் நடக்கும். அத்தை என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், நுனி நாக்கில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் அப்போதுதான் முப்பத்தொரு தடவை அந்த வார்த்தையை எழுதி முடித்திருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரியே இருந்தது.

“பெஞ்சுது அத்தான். நல்ல மழ. நீங்க சொன்னதுதான் சரி.”

சந்தில் குழாய் சொட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. எங்கோ நாற்காலி நகர்ந்தது. பிறகு டயரில் வால்வு ஊசியைத் தளர்த்தினால் வருமே, அப்படி உஸ்ஸென்று மெல்லிசாக ஒரு சத்தம் தொடங்கி, திக்கி, விக்கி, பெருத்து, சுவருக்குச் சுவர் மோதி, மூன்று மாடிக்கும் ஏறி இறங்கியது. ஆனி மாதத்திலிருந்து அடைத்துக் கிடந்த சிரிப்பு அவ்வளவும் வெளியே வர, நடுநடுவே அழுகையும் கலந்து, மூச்சு வாங்க மாமா சந்துக்குள் தலையை நீட்டிக் கத்தினார்:

“இருவத்தி ரெண்டு வருசத்துல ஒரு தடவ... ஒரே ஒரு தடவ கூட அவ ‘நீங்க சொன்னது சரி’ன்னு சொன்னதில்லட்டி! ஏ உலகு! ஏட்டி உலகம்மா! கள்ளி, தாப்பாளத் தெறந்து வெளிய வாட்டி!”